பீற்றிஸ் மச்சாளின் அடிமட்டம்

பள்ளிக்கூடத்து வெள்ளிவிழா மலர் நேற்று என் கைக்கு வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் என் மச்சாளுக்கு நாலு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். "காலஞ்சென்ற செல்வி பீற்றிஸ், பணிவும் அடக்கமும் நிறைந்த ஆசிரியை" என்று அச்சடித்திருக்கிறார்கள். பணிவாம்! அடக்கமாம்! வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் அந்த மனுஷியோடு மல்லுக்கட்டியவள் நான். பணிவு என்ற ஒன்றை அவரிடம் மருந்துக்கும் கண்டதில்லை. இல்லாததைச் செத்தவர் தலையில் கட்டிவிட இவர்கள் யார்?

அதனால் நானே எழுதுகிறேன். நான் புஸ்பம். பீற்றிஸ் என் கணவர் டொமினிக்கின் அக்கா. இரண்டு பேரும் நாவற்குடாவில் தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தகப்பன் கடலோடு சேர்ந்த வாவியில் வலை வீசி மகளை ஆசிரியையாக்கினார். மச்சாள் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷம் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். திரும்பி வரும்போது கோடு இழுக்கிற ஓர் அடிமட்டமும் 'மனோதத்துவம்' என்ற சொல்லும் கொண்டுவந்தார். கலியாணம் கட்டவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரையும் கேள்வி கேட்டே ஓட்டிவிட்டார் என்று ஊரில் கதை. நான் அதை நம்புகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில் எங்கள் கலியாணம். இங்கே வழக்கப்படி இவர் என் சீதன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் மச்சாள் எங்களைப் பார்க்க வந்தார். வந்த மனுஷி தேத்தண்ணீர் குடிக்கவில்லை. என் அடுப்படியில் கிடந்த புளியங்கொட்டையை ஒரு பிடி அள்ளி நிலத்தில் எறிந்து, உடனே கையால் மூடிவிட்டார்.

"சொல்லு புஸ்பம், எத்தின கொட்ட? எண்ணப்படாது."

"ஒம்பது," என்றேன் நான், ஒன்றும் விளங்காமல்.

"பதினொண்டு. ஆறு ஏழுக்கு மேல போனா மனம் தடுமாறும். உனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்பிடித்தான். ஸ்கொட்லாந்தில ஒரு பேராசிரியர் கண்ணாடிப் போளையள எறிஞ்சு பாத்துச் சொன்னவர்."

ஸ்கொட்லாந்துப் பேராசிரியருக்கு வேறு வேலை இல்லை, சரி. என் வீட்டில், என் அடுப்படியில், புதுப் பெண்ணாய் இருக்கிற என்னை உட்காரவைத்துப் பரீட்சையா? அன்றைக்கே எனக்கும் அவருக்கும் ஆகாமல் போயிற்று. மனம் என்பது ஆண்டவன் தந்தது, அதற்குள் மூக்கை நுழைக்கிற படிப்பு நமக்கு எதற்கு என்று இவரிடம் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன். இவர் சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். இவர் அப்படித்தான், வாயில்லாத மனுஷன்.

இப்போது இவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டணத்துக் கோட்டைக்குப் பக்கத்தில் அப்போது நீர்மட்டக் கந்தோர் என்று ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. வாவியில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் நேரத்தோடு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். இவரும் ஜெயராஜா என்பவரும் கிழமைக்கு ஒருவராக, ஏழு நாளைக்கு ஒரு தடவை மாறி, அந்த வேலையைப் பார்த்தார்கள். கந்தோர் மணிக்கூடு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொழும்பிலிருந்து தந்திக் கம்பி வழியாக நேரம் வரும். நாலு மணிக்கு ஒன்பது செக்கன் இருக்கும்போது செக்கனுக்கு ஒன்றாக 'டக், டக்' என்று அடிக்கத் தொடங்கும். பத்தாவது டக் சரியாக நாலு மணி. அந்தச் சத்தம் கேட்டபோது மணிக்கூட்டின் செக்கன் முள் எங்கே நின்றது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். மணிக்கூட்டில் கை வைக்கக்கூடாது, எழுத மட்டும் வேண்டும்.

முப்பத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதம். கொழும்பிலிருந்து சாமுவேல் துரை என்று ஒரு மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர், இஸ்திரி மடிப்புக் கலையாத மனுஷன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். இவருடைய கிழமை வந்ததும் கந்தோர் மணிக்கூடு ஒரு செக்கன் முந்தப் பாய்கிறது. ஜெயராஜாவின் கிழமை வந்ததும் ஒரு செக்கன் பின்னுக்கு வருகிறது. மணிக்கூட்டுக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்று கேட்டாராம். பிறகு நாலு மணிக்குப் பூனை மாதிரி வந்து யன்னலால் எட்டிப் பார்த்தால், இவர் கம்பிக்கு முன்னால் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்!

போதாதா? சிவப்பு மையை எடுத்து, "கடமை நேரத்தில் நித்திரை" என்று புத்தகத்தில் எழுதிவிட்டார். பதினான்கு நாளில் திரும்பி வருவேன், அதற்குள் நல்ல காரணம் காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று கடிதமும் கொடுத்துவிட்டார்.

இவர் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார். எங்கள் மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது, இளையவன் மடியில்.

"நான் நித்திர கொள்ளல்ல, புஸ்பம்," என்றார்.

"கண்ண மூடிக்கிட்டு என்ன செய்த நீங்க? செபமா சொன்ன?"

"சத்தம் கேட்டன்."

"காதால கேக்கிறத்துக்குக் கண்ண மூடுவாங்களா?"

 நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் என் புருஷனை நம்பவில்லை. ஒரு செக்கன் பிந்தினால் வாவி வற்றியா போய்விடும் என்று துரையையும் ஏசினேன், தூங்குமூஞ்சி என்று இவரையும் ஏசினேன். சந்தைக்குப் போனால் சனம் என்னைக் கண்டதும் கொட்டாவி விட்டுக் காட்டிச் சிரித்தது. மூன்று நாள் அழுது தீர்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். காலில் விழுவதுதான் வழி. நித்திரை கொண்டது உண்மைதான், இந்த முறை மன்னிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் துரை இரங்குவார்.

மச்சாளிடம் இதைச் சொன்னபோது அவர் எழும்பி நின்றுவிட்டார்.

"செய்யாத குத்தத்துக்கு மன்னிப்பா? ஆர் கேக்கிற? என்ட தம்பியா?"

"பிள்ளையள் பட்டினி கிடந்தா உங்கட மனோதத்துவம் சோறு போடுமா, மச்சாள்?"

"நித்திர கொண்டான் எண்டு ஒருக்கா எழுதிக் குடுத்தா, சாகுமட்டும் அவன் நித்திர கொண்டவன்தான். விளங்குதா உனக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கே நான் கடிதத்தை எழுதினேன். என் எழுத்து, இவருடைய பெயர். இரவல் பேனையை இவர் கையில் கொடுத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்து அழுதேன். இவர் கையெழுத்து வைத்தார். வைத்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சாளுக்குத் தெரியாமல் கொழும்புக்குத் தபாலில் போட்டேன்.

மறுநாள் மச்சாள் ஜெயராஜாவிடமிருந்து அந்தப் புத்தகத்தின் இரண்டு வருஷக் கணக்கையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார். என் வீட்டு மேசையில் விரித்துப்போட்டு, அடிமட்டத்தை வரிக்கு வரி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முகம் எல்லாம் ஒளி.

"இஞ்ச பார். நித்திர கொள்ளுறவன் ஒரு நாள் ரெண்டு செக்கன் பிந்துவான், ஒரு நாள் இருவது பிந்துவான், ஒரு நாள் எழுதவே மாட்டான். முள்ளப் பிந்திப் பாத்தா மணிக்கூடு முந்தின மாதிரித் தெரியும். இவன் ரெண்டு வருசமா ஒரே ஒரு செக்கன்தான் பிந்தியிரிக்கான். கூடவுமில்ல, குறையவுமில்ல. முழிச்சிரிக்கிறவனாலதான் இப்பிடிப் பிந்த ஏலும்."

அதைக் கேட்டதும் தபாலில் போட்ட கடிதம் நினைவுக்கு வந்தது. இது எனக்கே விளங்கியது. படிப்பில்லாத எனக்கே விளங்கியது!

அப்போதுதான் மச்சாள் அந்தக் கதையைச் சொன்னார். நூற்றுநாற்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு வானாய்வு நிலையத்தில் ஓர் உதவியாளர் இருந்தாராம். நட்சத்திரம் தூரதிருஷ்டிக் கண்ணாடியின் நடுக்கம்பியைத் தாண்டுகிற நேரத்தை எழுதுவது அவருடைய வேலை. தலைவர் எழுதியதைவிட அவர் எழுதியது முக்கால் செக்கனுக்கு மேல் பிந்தியே இருந்ததாம். கவனமில்லாதவன் என்று வேலையால் நிறுத்திவிட்டார்கள். இருபது இருபத்தைந்து வருஷம் கழிந்தபின் ஜேர்மனியில் இன்னொருவர் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, தன்னையும் மற்ற வானாய்வாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாருமே ஒருவருக்கொருவர் பிந்துகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு! கண் காண்பதற்கும் மனம் அறிவதற்கும் நடுவில் நேரம் போகிறது, அது ஆளுக்கு ஆள் வேறு. மனத்தை அளக்கலாம் என்ற படிப்பு முளைவிட்ட இடங்களில் இதுவும் ஒன்றாம்.

"அந்த மனுசனுக்கு வேல திரும்பக் கிடச்சதா?" என்று கேட்டேன்.

"இல்ல. அதுக்கு முந்தியே செத்துப்போனார்."

அன்று நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மச்சாள் மாதா கோவில் வளவில் அடிமட்டத்தோடு நின்றார். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பிடித்தார். அடிமட்டத்தின் ஒரு நுனியை உயரப் பிடித்துக்கொள்வார். அடி நுனிக்குக் கீழே நீங்கள் இரண்டு விரலை விரித்து வைக்க வேண்டும். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். எத்தனை அங்குலம் விழுந்தது என்று பார்த்தால் உங்கள் மனம் எடுத்த நேரம் தெரியும். தோணிக்காரர் பிடித்தார்கள், பாட்டுக் குழுப் பெண்கள் பிடித்தார்கள். காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்த சரீப் நானாவும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கமாய்க் கையை நீட்டிப் பிடித்தார். ஒருவரும், ஒரே ஒருவரும், விழுந்தவுடன் பிடிக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு, பத்து அங்குலம்.

இந்தக் கூத்தைக் கண்டு பூசை வைத்த சுவாமியார் இறங்கி வந்தார்.

"பிள்ள பீற்றிஸ், ஆத்துமத்துக்கு நீளம் இல்ல, அகலம் இல்ல. அத அடிமட்டம் வச்சு அளக்கிறது ஆண்டவருக்கு அடுக்காது."

"ஆத்துமத்த நான் தொடல்ல, சுவாமி. இப்பிடித்தான் ஜேர்மனியில ஒரு பெரிய தத்துவக்காரரும் மனதுக்குக் கணக்குச் சரிவராது, கணக்கில்லாட்டி அது சாஸ்திரமாகாது எண்டு எழுதிவச்சிட்டுப் போனவர். எழுவது வருசத்துக்குள்ள தவளைட காலில நரம்புட வேகத்த அளந்து போட்டாங்க. அதுக்கு முந்தி அது மின்னல விடக் கெதியெண்டு நினச்சிக்கிட்டிருந்த. பாத்தா, நம்மட ரயில விடக் கொஞ்சம் கெதி, அவ்வளவுதான்."

"தவளைக்கும் மனுசனுக்கும்..." என்று சுவாமியார் கையை நீட்டினார். மச்சாள் அடிமட்டத்தை விட்டுவிட்டார். சுவாமியார் தன்னையறியாமல் பிடித்துவிட்டார்.

"ஏழு அங்குலம், சுவாமி. செக்கனில அஞ்சில ஒரு பங்கு."

வளவே சிரித்தது. சுவாமியாரும் சிரிப்பை அடக்க முடியாமல், "பூசை நேரத்தில மட்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆனால் ஐந்தில் ஒரு பங்கு எங்கே, முழுச் செக்கன் எங்கே? அதையும் மச்சாள் விடவில்லை. என் வீட்டு முற்றத்தில் இவரை இருத்தி, கரண்டியால் சட்டி மூடியில் அடித்து, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னார். சத்தம் வரும்போது இவர் கண் தானாக மூடியது. கேட்டு முடித்து, கண்ணைத் திறந்து, முள்ளைத் தேடிப் பிடித்துச் சொன்னார். ஒரு செக்கன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யச் சொன்னபோது அரைச் செக்கனும் இல்லை.

"ஏன்டா கண்ண மூடுற?"

"அப்பா சொன்னது, அக்கா. மறந்திட்டீங்களா?"

மச்சாள் சட்டி மூடியைக் கீழே வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாவியில் மீன் எங்கே நிற்கிறது என்று அறிய, தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியைக் காதோடு சேர்த்துப் பிடிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் முடியுமட்டும் கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார்கள். இங்கே பிறந்த ஆம்பிளை கவனமாகக் கேட்கிறான் என்றால் கண் மூடித்தான் இருக்கும். என் அப்பாவும் அப்படித்தான் கேட்பார். ஆயிரம் தடவை கண்டிருக்கிறேன், இருந்தும் என் புருஷனைத் தூங்குமூஞ்சி என்றேன். கொழும்புத் துரைக்குத் தெரியாது, சரி. எனக்கு என்ன கேடு?

பதினான்காம் நாள் நானும் மச்சாளும் கந்தோருக்குப் போனோம். பெண்கள் அந்தப் படி ஏறினது அதுதான் முதல் தடவை. கடிதத்தைப் பற்றி இன்னும் நான் மச்சாளிடம் சொல்லவில்லை. இவரும் ஜெயராஜாவும் சுவரோரம் நின்றார்கள். சாமுவேல் துரை எங்களை இருக்கச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார்.

"இவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததை நானே கண்டேன்," என்றார்.

"கண் மூடியிருந்ததக் கண்டீங்க, ஐயா. நித்திரையக் கண்டீங்களா?"

"இரண்டும் ஒன்றுதானே?"

"இல்ல. ஒண்டு நீங்க கண்டது. மத்தது நீங்க நினச்சது. புத்தகத்தில எழுதினது நினச்சத." மச்சாள் இரண்டு வருஷக் கணக்கை மேசையில் விரித்தார். ஒரே அளவாய்ப் பிந்திய செக்கனைக் காட்டினார், துடுப்பைச் சொன்னார், அடிமட்டத்தைச் சொன்னார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார்.

"எல்லாம் கெட்டித்தனமான கதை. ஆனால் உங்கள் தம்பியே நித்திரை கொண்டதாக ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாரே."

என் கடிதம். மச்சாள் அதை வாங்கி வாசித்தார். என் எழுத்து அவருக்குத் தெரியாதா? அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அந்த மனுஷிக்கு வாய் அடைத்துப்போனதைக் கண்டேன்.  நான் சும்மா இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். துரை இரங்கியும் இருப்பார். இவர் வாசல் காவலாளியாகவோ எதுவாகவோ இருந்து, நித்திரை கொண்டவனாகவே காலம் தள்ளியிருப்பார்.

நான் எழும்பினேன். 

"அத எழுதினது நான், ஐயா. கையெழுத்து மட்டும்தான் அவர்ட. அதுவும் நான் அழுது வாங்கினது. நான் இந்தக் கந்தோருக்கு இண்டைக்குத்தான் வாறன். அவர் நித்திர கொண்டத நான் காணல்ல. காணாத ஒண்டக் கண்ட மாதிரி எழுதிப்போட்டன். அது பொய். திருப்பித் தாங்க."

"அம்மா, இது இப்போது அரசாங்கக் கடிதம்."

"அரசாங்கத்துக்கு என்னத்துக்கு என்ட பொய்?"

துரை என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தது. அதற்குள் மச்சாளுக்கு வாய் திரும்பிவிட்டது.

"ஐயா, இண்டைக்கு மூண்டு பேரும் எழுதுங்க. நீங்களும்தான். ஒருதரிட கடதாசிய ஒருதர் பாக்கப்படாது."

துரைக்கு ரோசம். பேனையை எடுத்தார். கம்பி அடிக்கத் தொடங்கியது. இவர் கண்ணை மூடினார், துரை முன்னால் நிற்கும்போதே மூடினார், அதைக் கண்டு எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பத்தாவது டக் கேட்டது. மூன்று கடதாசியையும் மச்சாள் மேசையில் வைத்தார். இவர் எழுதியது நாலு மணிக்கு மேல் மூன்று செக்கன், ஜெயராஜா இரண்டு, துரை ஒன்று.

"ஒரே மணிக்கூடு, ஒரே சத்தம்," என்றார் மச்சாள். "ஜெயராஜா தம்பிய விட நீங்க ஒரு செக்கன் முந்திட்டீங்க, ஐயா. பத்தாவது டக் வரப்போகுதெண்டு தெரிஞ்சு, வர முந்தியே கேட்டிரிக்கீங்க. அதுவும் மனதிட வேலைதான், குத்தமில்ல. ஆனா இப்ப சொல்லுங்க, மூண்டு பேரில ஆர் நித்திர?"

ஜெயராஜா இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். துரை நெடுநேரம் மூன்று கடதாசியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தன் பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை. "வேலையில் இருக்கட்டும்," என்றார் கடைசியில்.

வேறு யாரும் என்றால் கும்பிட்டுவிட்டு ஓடிவந்திருப்பார்கள். நான் எழும்பியும் விட்டேன். மச்சாள் அசையவில்லை.

"புத்தகத்தில நித்திர எண்டு இரிக்கி. அத வெட்டுங்க."

"மையால் எழுதியாயிற்றே."

"மையாலயே வெட்டலாம்," என்று சொல்லி அடிமட்டத்தை நீட்டினார். "கோட்ட நேரா இழுங்க, ஐயா."

இழுத்தார். நான் என் கண்ணால் கண்டேன்.

கல்லடிப் பாலத்தில் திரும்பி வரும்போது, கடிதத்துக்காக எனக்கு நல்ல பூசை கிடைக்கும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். நடுப்பாலத்துக்கு வந்துவிட்டோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏசுங்க, மச்சாள். அந்த மனுசன் லாச்சியால கடதாசிய எடுத்த உடன நான் எழும்பியிரிக்க வேணும். எவ்வளவு நேரம் சும்மா இருந்திட்டன்!"

"எவ்வளவு நேரமெண்டு எனக்குத் தெரியா," என்றார் மச்சாள். "அத நான் அளக்கல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அந்தக் கோட்டுக்கு விலை கொடுத்தவர் அவர்தான். ஒரு மாதத்துக்குள் பள்ளி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாராம், அதனால் கல்குடாவில் ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றமாம். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதினால் திரும்பி வரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லியனுப்பினார்கள். எழுதவில்லை. ஆறு வருஷம் அங்கே கிடந்தார். திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தலைமை ஆசிரியைகளாகியிருந்தார்கள். போன வருஷம் காய்ச்சலில் செத்தார். இவர் இன்றும் வேலையில் இருக்கிறார், இன்றும் கண்ணை மூடித்தான் கேட்கிறார். புத்தகத்தில் இவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஒரு செக்கன் கழிக்க' என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டியது, முதல் நாளே.

அந்த மனுஷியைத்தான் பணிவானவர் என்று அச்சடித்திருக்கிறார்கள். இன்று காலை மலர்க்குழுத் தலைவரிடம் ஆள் அனுப்பி, அந்தச் சொல்லை வெட்டச் சொன்னேன். அச்சடித்தாயிற்று, முந்நூறு பிரதி, இனி என்ன செய்கிறது என்று பதில் வந்தது. நல்லது. நாளைக் காலை எட்டு மணிக்கு நானே பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். நாற்பத்திரண்டாம் பக்கம், முந்நூறு தரம். பேனையில் மை நிரப்பிவிட்டேன். மச்சாளின் அடிமட்டத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன், கோட்டை நேராக இழுக்க வேண்டுமே.